சங்குக்குள் குடிபோன நண்டு

அந்தக் காலத்தில் நண்டுக்குப் பேச்சு இருந்தது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி கெட்டி ஓடும் இருந்தது. இப்போது கடற்கரையில் அடுத்தவன் சங்கை முதுகில் தூக்கிக்கொண்டு இழுத்து இழுத்து நடக்கிறதே ஒரு நண்டு, அதைத்தான் சொல்கிறேன். அதன் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? உரித்த இறால் மாதிரி மெத்தென்று, ஒரு பக்கமாகச் சுருண்டு, பார்க்க நமக்கே வெட்கமாக இருக்கும். அது கடவுள் படைத்த லட்சணம் இல்லை. அவர் மேல் பழி போடாதீர்கள். அதற்குக் காரணம் ஒரு உபதேசியார், ஒரு சம்மாட்டி, அப்புறம் அந்த நண்டின் நாக்கு.

சிப்பித்துறை என்று ஒரு கடலோர ஊர். அங்கே முதன்முதலில் வேதம் சொல்ல வந்த பாதிரியார், ஒரு ஓலைக் கடகம் நிறையச் சங்குகளோடு வந்து இறங்கினார். ஒவ்வொரு சங்கும் ஒரு சொல். உள்ளே அதன் பொருள் சதையும் மூச்சுமாக உயிரோடு இருந்தது. காதில் வைத்தால் அதுவே பேசும். 'மன்னிப்பு' என்ற சங்கு, "முடிச்சை அவிழ்த்து விடு" என்றது. 'விசுவாசம்' என்ற சங்கு, "கரை தெரியாவிட்டாலும் கூட வருகிறவன் கையை விடாதே" என்றது. இருப்பதிலேயே பெரிய சங்கு 'சபை'. அது சொன்னது இவ்வளவுதான்: "கயிற்றைப் பிடித்தவர் எல்லாரும்."

கரைவலை இழுக்கிற ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு? கடலில் வளைத்துப் போட்ட வலையின் கயிற்றைக் கரையில் நின்று ஊரே சேர்ந்து இழுக்க வேண்டும். ஒருவர் கை விட்டால் அடுத்தவர் கை கிழியும்.

பாதிரியார் கப்பல் ஏறும்போது கடகத்தை நண்டிடம் ஒப்படைத்தார். "கேட்டு வருகிறவர் கையில் சங்கைக் கொடு. அவரே கேட்டுக்கொள்ளட்டும். நீ ஒன்றும் விளக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நண்டு ஒழுங்காகத்தான் காவல் காத்தது. ஊர்தான் அதை இருக்க விடவில்லை. 'மன்னிப்பு' கேட்க வந்தவன், "முடிச்சை அவிழ்த்து விடு" என்று கேட்டதும் முகத்தைச் சுளிப்பான். "வேற ஏதாவது இருக்கா?" என்பான், துணிக்கடையில் நிற்கிறவன் மாதிரி. 'விசுவாசம்' கேட்டவன், "கையை விடாதேன்னு சொல்லுது, சரி. எத்தனை செபம் மனப்பாடம் பண்ணணும்னு சொல்லலியே?" என்பான்.

"அதையெல்லாம் என்கிட்ட ஏன்வே கேக்கீரு? சங்கு சொன்னதைக் கேட்டுட்டுப் போம்!" என்று கத்திக் கத்தி நண்டுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

அந்த ஊரில் இன்னாசியாள் என்று ஒருத்தி. பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு புயலில், உடைந்த கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் கைக்குழந்தையோடு கரை ஒதுங்கியவள். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று யாருக்கும் தெரியாது. வந்த மூன்றாம் நாளே வலைக் கயிற்றைப் பிடித்தாள். பிறகு அம்பா எடுத்துக் கொடுப்பவளும் அவளே ஆனாள். அம்பா என்பது இழுக்கிறவர்கள் பாடுகிற பாட்டு. அவள் குரல் எழும்பினால்தான் அத்தனை கையும் ஒன்றாக இழுக்கும்.

கைக்குழந்தையாக வந்த ரோசாள் வளர்ந்தாள். அவளும் லாசர் என்ற பையனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். அங்கேதான் வந்தது வினை. லாசர், கயித்தான் சம்மாட்டியின் தம்பி மகன். ஊரின் பெரிய வலைக்குச் சொந்தக்காரர் கயித்தான், அதனால்தான் சம்மாட்டி.

அந்த ஊர் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. சபையில் ஒருவராக இருந்தால்தான் ஓலை. ஓலை இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை.

கயித்தான், பாதிரியார் போனபின் கோயிலைப் பார்த்துக்கொண்டு ஓலை வாசிக்கிற தொம்மை உபதேசியாரைக் கூப்பிட்டார். "கடல் துப்பிப் போட்டவ மகளா என் வீட்டுக்கு வாரது? அவ சபையில இல்லைன்னு சொல்லும்."

"சங்கு அப்படிச் சொல்லலியே, சம்மாட்டி. கயிற்றைப் பிடிச்சவங்க எல்லாரும்னுல்லா சொல்லுது."

"அந்த 'எல்லாரும்'தான் இடைஞ்சலா இருக்கு. கொஞ்சம் குறைக்கச் சொல்லும்."

உபதேசியார் நண்டிடம் வந்து தலையைச் சொறிந்தார். நண்டு முதலில் எகிறியது. "எனக்கு விளக்கவே உத்தரவு இல்லை, வெட்டவா உத்தரவு?"

"வெட்ட வேண்டாம். ஓரத்துல ஒரு கடி. யாருக்குத் தெரியப் போகுது?"

தினமும் நூறு பேரோடு மல்லுக்கட்டிய அலுப்பு நண்டுக்கு. கொடுக்கை உள்ளே விட்டு ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டது. பொருளுக்கு ருசி உண்டு என்று அன்றுதான் அதற்குத் தெரிந்தது. பொரித்த நெத்திலியெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. இப்போது சங்கு, "கயிற்றைப் பிடித்த ஊர்க்காரர்" என்றது.

ஆனால் ஊர் சிரித்தது. "பதினாறு வருஷம் இங்க உப்புத் தண்ணி குடிச்சவ ஊர்க்காரி இல்லாம வேற யாரு?"

உபதேசியார் திரும்பி வந்தார். இன்னொரு கடி. "கோயிலுக்குக் கல் சுமந்த ஊர்க்காரர்."

கயித்தான் தலையில் அடித்துக்கொண்டார். "நீரெல்லாம் ஒரு உபதேசியாரா? அவதானவே எல்லாரையும் விடக் கூடக் கல் சுமந்தா! பேசாம சபைன்னா கட்டடம்னு சொல்லச் சொல்லும். கட்டடத்துக்குப் பூட்டு இருக்கு. சாவி உம்ம இடுப்புல இருக்கு. அப்புறம் என்ன?"

மூன்றாம் தடவை நண்டைக் கெஞ்சவே வேண்டியிருக்கவில்லை. மிச்சம் இருந்ததையும் வழித்துத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டது. சங்கு காலி. அதே நேரம் பார்த்து, மகளுக்கு ஓலை இல்லை என்று கேள்விப்பட்ட இன்னாசியாள் மணலில் விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தாள்.

"நண்டே, சபைச் சங்கை எடு. என் காதால கேக்கணும்."

 வேறு வழி தெரியாமல், நண்டு பின்பக்கமாக ஊர்ந்து காலிச் சங்குக்குள் தானே நுழைந்துகொண்டது. தின்று பெருத்த உடம்பு உள்ளே போக மறுத்தது. நெளிந்து, முறுக்கி, உந்தியதில் பின் ஓடு கழன்று வெளியே விழுந்தது. உடம்பு சங்கின் வளைவுக்குச் சுருண்டுபோயிற்று. இன்னாசியாள் சங்கை எடுத்துக் காதில் வைத்தாள்.

"சபை என்றால் கட்டடம்" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அவள் சங்கைக் கண்ணெதிரே திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். கீழே கிடந்த ஓட்டையும் பார்த்தாள்.

"பழைய குரல் எனக்குத் தெரியாதா? கரை ஒதுங்கின அன்னைக்கு இந்தக் காதுலதான கேட்டேன். இது திருட்டு நண்டு குரல்" என்றாள். அழவில்லை. சங்கை மணலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை கயித்தானின் வலையில் சாளை மீன் பட்டது. சும்மா படவில்லை. கடலே வெள்ளியாகத் துள்ளியது. ஊரே ஓடிவந்து கயிற்றைப் பிடித்தது. "இன்னாசி, அம்பா எடு!" என்று கத்தினார்கள்.

அவள் மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "நான் சபை இல்லையாம். சபைன்னா கட்டடமாம். கட்டடத்தைக் கூப்பிடுங்க, வந்து இழுக்கட்டும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு கிழவர் கயிற்றைப் போட்டார். "நானும் உள்ள இடமில்லாம வாசல்ல நின்னு செபம் சொல்லுதவன்தான். அப்போ நானும் இல்லை." அவருக்குப் பின்னால் இன்னொருவர், இன்னொருவர். லாசரும் விட்டான். கடைசியில் கயிற்றில் தொங்கியது சம்மாட்டியும் உபதேசியாரும்தான். வலை இருவரையும் முழங்கால் தண்ணீருக்கு இழுத்தது. பிறகு இடுப்புத் தண்ணீருக்கு.

"ஏ தாயி! ஏ மகராசி! வந்து பிடி!" என்று கயித்தான் அலறினார்.

"ஓலை?"

"ஞாயித்துக்கிழமை வாசிக்கச் சொல்லுதேன்!"

"இப்போ. இங்க. கயிற்றைப் பிடிச்சிக்கிட்டே."

கயித்தான் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் வாயில் புகுந்த உப்புத் தண்ணீரைத் துப்பினார். இன்னாசியாள் எழுந்து வந்து கயிற்றைப் பிடித்து அம்பா எடுத்தாள். அத்தனை கையும் திரும்ப வந்து விழுந்தது. இழுப்புக்கு இழுப்பு உபதேசியார் கத்தினார்: "இன்னாசியாள் மகள் ரோசாளுக்கும்... ஏலேலோ... அந்தோணி மகன் லாசருக்கும்... முதல் ஓலை! ரெண்டாம் ஓலை! மூணாம் ஓலை! தடை இருந்தா சொல்லுங்க!"

"தடை இருக்கவன் கயிற்றை விட்டுட்டு வந்து சொல்லட்டும்" என்றாள் இன்னாசியாள்.

ஒரு கையும் கயிற்றை விடவில்லை. கயித்தானின் கையும்தான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. இதோடு நிறுத்தினால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. ஆனால் தின்ற பொருள் திரும்பி வருமா? அன்று தோள் தோளாக நின்று கயிறு இழுத்த அதே ஆட்கள், அடுத்த வாரமே கோயில் சுவரைப் பார்த்து, "சபைக்கு வெள்ளை அடிக்கணும்" என்றார்கள். பொருள் போனாலும் சங்கு சங்குதானே, வாய்க்குப் பழகிப்போயிற்று. போகட்டும் என்றால், இந்த ரோசாளே ஒரு நாள், "அம்மா, சபையைப் பூட்டிட்டாங்க, வா வீட்டுக்குப் போலாம்" என்றாள். இன்னாசியாள் தன் நெற்றியில் அடித்த அடி கடலில் கேட்டது.

நண்டோ கழன்ற ஓட்டை மறுபடி மாட்டிப் பார்த்தது, பொருந்தவில்லை. வாயைத் திறந்தால் திருட்டுக் குரல் என்று தெரிந்துவிடும் என்று பேச்சையும் விட்டது. நாக்கு மட்டும் ருசியை மறக்கவில்லை. கடகத்தில் இன்னும் 'விசுவாசம்' இருந்தது, 'மன்னிப்பு' இருந்தது, எத்தனையோ இருந்தன.

அந்தச் சங்குக்குள் நுழைந்ததிலிருந்துதான் அந்த நண்டுக்குச் சொந்த ஓடும் இல்லை, பேச்சும் இல்லை; ஒரு சங்கில் இருந்ததைத் தின்றுவிட்டு அதிலேயே குடியிருக்கிறது, உடம்பு பெருத்ததும் அடுத்த சங்கைத் தேடிப் போகிறது, யாராவது எடுத்துக் காதருகே கொண்டுபோனால், கேள்வி வருமுன்பே உள்ளே ஒடுங்கிப் பெரிய கொடுக்கால் வாசலை அடைத்துக்கொள்கிறது.