படகை விட்டு இறங்காத புளியங்கண்மாய்க்காரர்கள்

புளியங்கண்மாய்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொல்வது தப்பு. இருக்கிறது. தேய்ந்துவிடும் என்று யாரும் எடுத்துப் புழங்குவதில்லை.

எங்கள் ஊர் முதலாளி மரத்தால் செய்த ஒரு சொகுசுப் படகு வாங்கினார். கடல் தாண்டி அவர் கடை வைத்திருக்கும் ஆற்றுத் துறைமுகத்தில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஆயுசுக்கும் படகிலேயே வேலை என்றார். மேல்தளத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் வேலை கிடையாது.

தவசியாண்டி, அவன் மச்சான் மொக்கச்சாமி, இருவருக்கும் மாமா முறையான ஒய்யணன், மூவரும் கிளம்பினார்கள். நானும் வருகிறேன் என்றேன். எனக்கு நீச்சல் தெரியும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டார்கள். நீச்சல் தெரிந்தவன் பாதியில் படகை விட்டுவிட்டுப் போய்விடுவானாம். இருக்கட்டும்.

எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்காதீர்கள். காற்று அந்தப் பக்கமாக அடித்தது.

அது தமிழ் ஆட்கள் முன்பே பிழைக்கப் போன ஊர். துறைமுக அதிகாரி கரையிலிருந்து தமிழிலேயே கத்தினார். “நான் வந்து பாக்குற வரைக்கும் ஒருத்தரும் படகை விட்டு இறங்கக் கூடாது! இறங்கினா படகு பறிமுதல்!”

மத்தியானம் ஆறு வற்றியது. கடல் வற்றினால் அந்த ஆறும் வற்றும், கடல் ஏறினால் ஏறும். கரையில் திரியும் நண்டுக்குக்கூடத் தெரிந்த விஷயம். இவர்கள் கண்மாய்த் தண்ணீரில் வளர்ந்தவர்கள். படகு சேற்றில் உட்கார்ந்ததும் மூன்று முகமும் செத்துவிட்டது.

“எவனோ மடையைத் தொறந்துட்டான் மச்சான்!” என்றான் மொக்கச்சாமி.

“போய் மூடணும்டா. தண்ணி இல்லாத படகுல நமக்கு என்ன வேலை குடுப்பாரு?” என்றான் தவசியாண்டி.

“இறங்காம எப்படி மூடுறது?”

ஒய்யணன் மாமா மோவாயைத் தடவினார். “படகுங்கிறது என்னடா?”

“பலகைதான் மாமா.”

“அப்ப பலகை மேல நின்னா?”

“படகு மேலதான் நிக்கிறோம்!”

ஆளுக்கு இரண்டு பலகை எடுத்துக் காலில் கட்டிக்கொள்வது என்று முடிவானது. தவசியாண்டி மேல்தளத்தில் கடப்பாரையை வைத்தான். மொக்கச்சாமி பதறிப்போய்க் கையைப் பிடித்தான். “கீறல் விழுந்தா வேலை போச்சு. அடியில எடு!”

அடியில் எடுத்தார்கள். படகு சேற்றில் இருந்ததால் சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அதில் ஒரே பெருமை.

வாத்து மாதிரி நடந்து ஊரெல்லாம் மடை தேடினார்கள். சாயங்காலம் ஒரு டீக்கடைக்குப் பின்னால் குழாய் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் சேர்ந்து இறுக்கி மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஆறு ஏறத் தொடங்கியது.

மாமா காறித் துப்பினார். “இத்தனை பேர் இருக்குற ஊரு. ஒருத்தனுக்கும் இது தோணலை பாரு!”

தண்ணீர் ஏறியது. படகு ஏறவில்லை.

அதிகாரியோடு, தன் கடைக்கு முன்பே வந்திருந்த முதலாளியும் வந்தார். ஆற்றில் பாய்மரத்தின் நுனியும் அதன்மேல் ஒரு கொக்கும்தான் தெரிந்தன.

“படகு எங்கடா?”

மூவரும் பலகைகளில் விறைப்பாக நின்றார்கள். “ஒரு கீறல் விழலை முதலாளி,” என்றான் தவசியாண்டி. “ஒருத்தரும் இறங்கவும் இல்லை. மிச்சப் படகுதான் தண்ணிக்குள்ள இருக்கு.”

மொக்கச்சாமி ஒரு காலை ஒதுக்கித் தன் பலகையில் இடம் விட்டான்.

“ஏறுங்க முதலாளி, போவோம்.”