கரையிலேயே நின்ற நீர்நாய் டீச்சர்

செம்பாறை ஏரிக்கரையில் ஒரு நீச்சல் பள்ளிக்கூடம் இருந்தது. ஐப்பசி மழை கொட்டினால் ஏரி நிரம்பி, புதர்க்காட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அதற்குள் காட்டுக் குட்டிகள் எல்லாம் நீந்தப் பழகியாக வேண்டும். பழக்கிவிட வந்தது கயலி என்ற நீர்நாய். தலைமையாசிரியர், நெடுங்காலன் என்ற நாரை.

கயலிக்குத் தண்ணீர் என்றால் உயிர். அந்த ஆசையைப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் ஒட்டவைக்கலாம் என்றுதான் வேலைக்குச் சேர்ந்தது. ஆனால் வேலை வேறு மாதிரி போய்விட்டது.

மலைமேல் ஓர் அலுவலகம் உண்டு. பிள்ளைகளின் முன்னேற்றம் எல்லாம் சேற்றில் பதிவாக இருக்க வேண்டும் என்று அங்கிருந்து உத்தரவு வந்தது. நெடுங்காலன் பயந்த சுபாவம். உத்தரவு என்ற சொல்லைக் கேட்டாலே அதற்கு ஒற்றைக் கால் நடுங்கும், மற்றதை ஏற்கெனவே தூக்கி வைத்திருக்கும். உடனே பிள்ளைக்கு ஒரு சேற்றுப் பலகை என்று செய்யச் சொல்லிவிட்டது. குட்டி வந்தால் டீச்சர் பாதத்தால் பலகையில் ஓர் அழுத்து. பாடம் கேட்டால் இரண்டு. புரிந்தால் மூன்று. இருபத்தாறு குட்டிகள், இருபத்தாறு பலகைகள். காய்வதற்குள் அழுத்த வேண்டும், காய்ந்தபின் அடுக்க வேண்டும்.

இது போதாதென்று, ஆசிரியர்கள் வாடிப்போகிறார்கள் என்று யாரோ மேலே சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் ஒரு பலகை வந்தது. அதன் பெயர் மகிழ்ச்சிப் பலகை. கயலி தினமும் வெடித்த பாதத்தால், தான் சந்தோஷமாக இருப்பதாக அழுத்தி வைத்தது.

பலகையை விட்டு நகர முடியாததால் பாடமும் கரையேறிவிட்டது. குட்டிகள் புல்லில் குப்புறப் படுத்து, "கையை விரி, காலை உதை" என்று ஒப்பித்தபடி காலை ஆட்டின. கயலி தண்ணீரில் இறங்கி மாதக் கணக்காயிற்று. ரோமம் வைக்கோலாய்ப் போனது. உடம்பெல்லாம் அரிப்பு. பாவம், ஏரி கண்ணெதிரே கிடந்தது, சொறிந்துகொள்ளத்தான் நேரம் இருந்தது.

"போதும்டா சாமி" என்று ஒரு நாள் முடிவு செய்தது. நாளைக்கு நெடுங்காலனிடம் சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் போய்விட வேண்டியதுதான். அன்றைய பாடத்தை ஏனோதானோ என்று நடத்திக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் பஞ்சு என்ற முயல்குட்டி படுத்திருந்தது. தண்ணீரைக் கண்டாலே அதற்குக் காது இரண்டும் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஒப்பிப்பதில் மட்டும் அதுதான் முதல். அது காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"டீச்சர், உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

கயலிக்கு முதலில் கோபம்தான் வந்தது. நீர்நாயைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! அதட்டுவதற்கு வாயைத் திறந்தபோது மற்ற குட்டிகளைப் பார்த்தது. ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. எல்லாம் பதிலுக்காகக் காத்திருந்தன. அவற்றுக்கும் தெரியாது, பார்த்ததே இல்லையே!

கயலி கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தது. ஒரே ஓட்டம், ஒரே பாய்ச்சல்.

தண்ணீர் காதுக்குள் புகுந்ததும் அரிப்பு நின்றது. கயலி அடியாழம் வரை போய், கூழாங்கல்லைத் தொட்டு, புரண்டு, மல்லாந்து மேலே வந்தது. கொஞ்சம் அழுதது. தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது! கரையில் குட்டிகள் வாய்பிளந்து நின்றன.

"வாங்க பிள்ளைங்களா, இதான் நீச்சல்!"

காட்டுப்பன்றிக் குட்டிகள் தொபுக்கென்று விழுந்தன. கீரிக்குட்டிகள் பின்னாலேயே குதித்தன. பஞ்சு மட்டும் விளிம்புவரை வந்து நின்றுகொண்டது. கயலி வற்புறுத்தவில்லை.

சத்தம் கேட்டு நெடுங்காலன் ஓடிவந்தது. நான்கு நாளில் மலை அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்குக் கரடி ஐயா வருகிறார், பலகைகள் எல்லாம் வெயிலில் வெடிக்கின்றன என்று புலம்பித் தீர்த்தது. கயலி அதைக் கூட்டிப்போய்க் கரைச் சேற்றைக் காட்டியது. இறங்கிய தடம், ஏறிய தடம், எல்லாம் பளிச்சென்று பதிந்திருந்தன. இனி இதுதான் பதிவு என்றது.

"மேலிடத்துல ஒத்துக்கலைன்னா?" என்றது நாரை.

"நாளைக்கு நான் போறதாத்தான் இருந்தேன் சார். இப்ப இருக்கலாம்னு தோணுது. ஆனா கரையில நின்னு பாடம் நடத்த இனிமே என்னால முடியாது."

நெடுங்காலன் குனிந்து அந்தத் தடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு, கரடி திட்டினால் இரண்டு பேரும் சேர்ந்தே வாங்கிக்கொள்வோம் என்று மெதுவாகச் சொன்னது.

ஐந்தாம் நாள் கரடி வந்தது. பலகைகளைக் கேட்டது. நெடுங்காலன் அலகை நீட்டிக் கரைச் சேற்றைக் காட்டியது. கரடி மூக்கைத் தரையில் வைத்து அங்குலம் அங்குலமாக முகர்ந்தது. ஓரிடத்தில் நின்றுவிட்டது. அங்கே சிறிய முயல் தடங்கள். முதல் நாள் தடம் விளிம்பிலேயே திரும்பியிருந்தது. இரண்டாம் நாள் தடத்தில் பாதிப் பாதம் தண்ணீருக்குள். மூன்றாம் நாள் தடம் இறங்கிப் போயிருந்தது, பக்கத்தில் நீர்நாய் வால் இழுபட்ட கோடு. நான்காம் நாள் வால் கோடு இல்லை, முயல் தடம் மட்டும் இறங்கி, தள்ளி ஓரிடத்தில் ஏறியிருந்தது.

"சேத்துல பதிவு வேணும்னுதான் உத்தரவு. சேத்துலதானே இருக்கு" என்றது கரடி. நெடுங்காலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சரி, மகிழ்ச்சிப் பலகை எங்கே?"

கயலி அப்போதுதான் குட்டிகளோடு கரையேறி வந்து நின்றது. நீர்நாய் கரையேறினால் என்ன செய்யும்? தலையிலிருந்து வால் வரை ஓர் உதறு உதறியது. கரடி தொப்பலாக நனைந்துவிட்டது. ரோமம் மின்ன, மீசை நிமிர்ந்து நின்ற அந்த டீச்சரை ஏற இறங்கப் பார்த்தது.

"பார்த்துட்டேன், இது போதும்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டது.

கரடியின் தலை மறைந்ததும் நெடுங்காலன் இரண்டு காலையும் தண்ணீரில் இறக்கி நின்றது. அந்த வருஷம் மழை பெருமழை. புதர்க்காடு முழுக்க வெள்ளம். பஞ்சு தன் தம்பியைப் பக்கத்தில் நீந்தவைத்து மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

தனக்கு உயிரான தண்ணீரில் தானும் இறங்கி நிற்கும் ஆசிரியர்தான் தானும் வாடாமல் இருப்பார், பிள்ளைகளையும் கரைசேர்ப்பார்.