பூக்காரத் தெரு தண்ணி விவரம்

உக்காருங்கப்பா, பேச்சை நிறுத்துங்க! முறுக்கு கடிக்கிற அண்ணே, வாயில ஊற வைங்க, அப்புறம் கடிக்கலாம்.

திண்டுக்கல்ல ஒரு சர்வே ஆபீஸு. டைரக்டர் தணிகாசலம் தும்மினாக்கூட இங்கிலீஷ்லதான் தும்முவாரு. ரெண்டு லட்சம் வீட்டு சர்வேயை, வீட்டுக்கு அறுநூறு கேள்வியோட, மொத்தமா கம்ப்யூட்டர்ல ஏத்தினாரு. அது காலையிலேருந்து சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது.

டைரக்டர் குதிச்சாரு: "டைப் அடிச்ச எட்டு பொம்பளைங்களும் தப்பா அடிச்சிருக்காங்க! சாயங்காலத்துக்குள்ள குடிதண்ணி அட்டவணை வரலேன்னா எட்டு பேருக்கும் வேலை போச்சு!"

எட்டு பேர்ல வாயே திறக்காதவ செண்பகவல்லி. அவளைக் கூப்பிட்டாரு. "பூக்காரத் தெரு தண்ணி விவரம் கொண்டா. தப்பைக் காட்டுறேன்."

அவ கண்ணைக் காட்டினா. எட்டு பேரும் ஊர் மொத்தத்து ஃபாரம் கட்டையும் தூக்கியாந்து அவர் மேசையில அடுக்கினாங்க. மனுசன் தலை மறைஞ்சே போச்சு.

"ஏம்மா! கேட்டது ஒரு விவரம். இத்தனையையும் தலையில கொட்டினா நான் மூச்சு விடுறதா வேணாமா?" தூசியில ஒரு தும்மல் போட்டாரு பாருங்க, சுத்தத் தமிழ்ல!

செண்பகவல்லி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா. அறுநூறு கேள்வியில ஊரு, தெரு, தண்ணின்னு மூணை மட்டும் எடுத்து ஏத்தினா. அவருக்கு வந்த டீ ஆறுறதுக்குள்ள அட்டவணை வந்துருச்சு. எட்டு பேர் வேலையும் தப்பிச்சுது.

அந்த டீயையே அவர் கையில கொடுத்து, மேசைத் தூசியையும் துடைச்சா. அவரு மெதுவாக் கேட்டாரு: "அந்த மிஷினுக்கு என்னதாம்மா நோவு?"

"ஃபாரம் கட்டுக்குள்ளேருந்து நீங்க கத்தினீங்களே சார், அதேதான். பாவம், அதுக்குக் கத்தத் தெரியல."