வலை கழற்றும் நேரம்

கடலுக்குப் பக்கத்திலிருந்த ஒரு கல்லூரியின் கால்பந்துக் கேலரியில் ஒரு குருவும் அவருக்கு ஒரு சீடரும் இருந்தார்கள். குருவின் பெயர் கில்டா. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சீடர் பெர்க்மான்ஸ், ஐஸ் பிளான்ட் மேனேஜர், கல்லூரி அணியின் ரசிகர் மன்றச் செயலாளர். டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவர்.

வயதைப் பார்த்து அந்தக் கேலரியில் யாரும் யாருக்கும் குருவானதில்லை. அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது எத்தனை பேர் நழுவினாலும் டீச்சர் நழுவ மாட்டார். அதனால் அவர் சொன்னால் கேலரி கேட்கும்.

லீக் தொடங்கி இரண்டு ஆட்டம் முடிந்திருந்தது. இரண்டிலும் தோல்வி. ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பிரின்சிபால் ஃபாதர், பெர்க்மான்ஸைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மூணாவது ஆட்டத்தையும் பாப்போம். அதுக்குப் பொறவு மன்றம் சார்பா ஒரு வார்த்த சொல்லுங்க. இந்த டீம் தேறாதுன்னு நீங்களே சொன்னா, லீக்குலேருந்து பேர எடுத்துருவேன். எல்லாரும் பாத்துச் சிரிக்க எதுக்கு ஆடணும்?"

மூன்றாவது ஆட்டத்தன்று பெர்க்மான்ஸ் டீச்சருக்கு ஒரு படி கீழே வந்து உட்கார்ந்தார்.

"டீச்சரே, இந்த டீம் தேறுமா?"

டீச்சர் கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன நெனக்கிய?"

இதைக் கேட்கத்தான் ஆளில்லாமல் இருந்தது. பெர்க்மான்ஸ் ஆரம்பித்துவிட்டார். கோல்கீப்பருக்கு உயரத்தில் வரும் பந்தென்றால் பயம், கண்ணை மூடிக்கொண்டுதான் குதிக்கிறான். வலது பக்கத்துத் தடுப்பாட்டக்காரன் பந்தை விட்டுவிட்டு ஆளைத் துரத்துகிறான். நடுவில் ஆடுகிற இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அதனால் பாஸும் இல்லை. முன்னால் ஆடும் ஜெரின் முதல் வருஷப் பையன். நன்றாக ஓடுவான். ஆனால் அவன் அடிக்கும் பந்தெல்லாம் கோலுக்குப் பின்னால் நிற்கிற கொல்லாமரத்துக்குத்தான் போகிறது.

சொன்னது அத்தனையும் உண்மை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட எனக்கு எரிச்சலே அதில்தான். பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம்.

"எல்லாம் சரிதான் அண்ணே," என்றார் டீச்சர்.

"அப்ப ஃபாதர்ட்ட என்னத்த சொல்ல?"

"கடல தின்னுங்க. ஆட்டம் தொடங்கப் போவுது."

ஆட்டம் தொடங்கியது. எதிரணி பக்கத்து ஊர்க் கல்லூரி. இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கியாயிற்று. இடைவேளை முடிந்து வந்ததும் மூன்றாவது. கீப்பர் கண்ணை மூடிக்கொண்டுதான் குதித்தான். எதிர்க் கேலரியில் செண்டை மேளம் அடித்தார்கள். நம் கேலரியில் ஆட்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

டீச்சர் எழுந்து நின்றார்.

"எங்க போறிய? துட்டி கேக்க எழவு வீட்டுக்கா வந்தோம்? கை தட்டுங்க!"

"எதுக்கு டீச்சர் தட்ட? மூணு வாங்கியாச்சு," என்றது ஒரு குரல்.

"மூணு வாங்கிட்டும் ஓடுதான் பாத்தீங்களா? அதுக்குத் தட்டுங்க. நாலு வாங்குனாலும் தட்டுங்க. அவன் செண்ட நம்ம சத்தத்துல கேக்கப்பிடாது!"

போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். கைத்தட்டல் எழுந்தது. எதிர்க் கேலரிக்காரர்கள் இவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பெர்க்மான்ஸுக்குக் காது சூடேறியது.

அவருக்கு வேறொரு கவலையும் இருந்தது. அந்த மைதானத்தின் கோல் வலைகள் இரண்டும் படகுக்காரர்கள் கொடுத்த மீன்வலைகள். ஆட்டம் முடிந்ததும் கழற்றி, மடித்து, அறையில் வைக்க வேண்டும். தோற்ற அணியின் ரசிகர்கள்தான் கழற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஜெயித்தவர்கள் சுற்றி நின்று கூவுவார்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு கூவல். செயலாளர் என்பதால் போன இரண்டு ஆட்டத்திலும் குனிந்து நின்று அதைச் செய்தவர் பெர்க்மான்ஸ்தான்.

இன்றைக்கும் தோல்வி முடிவாகிவிட்டது. கீழ் முடிச்சுகளை இப்போதே அவிழ்த்து வைத்தால், விசில் ஊதியதும் மேலே இருப்பதைச் சட்டென்று கழற்றிவிடலாம். கூவலுக்கு ஆள் சேருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

அவர் கேலரியிலிருந்து இறங்கினார்.

"எங்க அண்ணே?" என்றார் டீச்சர்.

"இதோ வந்துட்டேன்."

எந்தக் கோலுக்குப் போவது? நம் கீப்பர் நிற்கும் பக்கம் போக முடியாது, எல்லா நேரமும் பந்து அங்கேதான் கிடக்கிறது. எதிரணியின் கோல் பக்கம் போனார். நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் வரப்போவதில்லை என்ற தைரியம்.

பின்னால் உட்கார்ந்து, வலது மூலையில் தரையோடு வலையைப் பிடித்திருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கயிற்று வேலையில் கை பழகியவர். பார்க்கிறவர்களுக்கு வலை கட்டியிருப்பதுபோலவே தொங்கியது.

அப்போதுதான் கேலரியில் சத்தம் கிளம்பியது.

பெர்க்மான்ஸ் நிமிர்ந்தார். நம் கீப்பர் உதைத்த பந்து நெடுந்தூரம் வந்து விழுந்திருந்தது. ஜெரின் அதை எடுத்துக்கொண்டு தனியாக ஓடி வந்தான். ஒருவனைத் தாண்டினான். இன்னொருவன் சட்டையைப் பிடித்தான், அதையும் உதறிக்கொண்டு வந்தான். கொல்லாமரத்துக்கு அடிக்கவில்லை. தாழ்வாக, தரையோடு, வலது மூலைக்கு அடித்தான்.

பந்து கம்பத்துக்கு உள்பக்கமாக வந்தது. கோட்டைத் தாண்டியது. வலைக்கு அடியில் புகுந்து, பெர்க்மான்ஸின் முழங்கால் முட்டில் வந்து இடித்து நின்றது.

வலை அசையவே இல்லை.

நடுவர் பாதி மைதானத்துக்கு அப்பால் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் பார்க்கும்போது பந்து கோலுக்கு வெளியே கிடந்தது. கோடு பார்க்கிறவரின் கண்ணைக் கம்பம் மறைத்திருந்தது. எதிரணிக் கீப்பருக்கு மட்டும் நன்றாகத் தெரியும். அவன் ஒன்றும் தெரியாதவன்போல் ஓடிப்போய்ப் பந்தை எடுத்து, கோல் கிக் அடிக்க வைத்தான்.

பெர்க்மான்ஸ் மைதானத்துக்குள் ஓடினார்.

"சார், கோலு சார்! உள்ளதான் போச்சு! முடிச்ச நானாக்கும் அவுத்தேன்!"

நடுவர் போய் வலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆட்டம் நடக்கும்போது எதுக்குய்யா அவுத்த?"

பெர்க்மான்ஸ் பந்து இடித்த முட்டைத் தொட்டுக் காட்டினார்.

"வல அவுந்துதான் கெடக்கு," என்றார் நடுவர். "ஆனா பந்து எப்பிடி போச்சுன்னு நான் பாக்கல. பாக்காதத எப்பிடி கோலுன்னு ஊத முடியும்? முதல்ல அதக் கட்டும். கட்டிட்டு வெளிய போவும்."

எதிர்க் கேலரி விழுந்து விழுந்து சிரித்தது. மொத்தக் கூட்டமும் பார்த்துக்கொண்டிருக்க, பெர்க்மான்ஸ் முட்டுக்குத்தி உட்கார்ந்து முடிச்சுப் போட்டார். எப்போதும் கைவருகிற முடிச்சு அன்றைக்கு வரவில்லை.

ஆட்டம் மூன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது.

அவர் கோலுக்குப் பின்னாலேயே நின்றார். பையன்கள் வந்து அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்ற முடிவில் இருந்தார். ஜெரின்தான் வந்தான். முகமெல்லாம் புழுதி, சட்டை தோளில் கிழிந்திருந்தது.

"அண்ணே, பந்து உங்க மேல எங்க பட்டுது?"

"முட்டுல மக்கா."

"நீங்க எங்க இருந்திய?"

பெர்க்மான்ஸ் இடத்தைக் காட்டினார். ஜெரின் அங்கே போய்க் குந்தினான். தன் முட்டைப் பார்த்தான், கம்பத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து மற்றவர்களைப் பார்த்துக் கத்தினான்.

"லேய், உள்ளதான் போயிருக்கு! அது கோலுதான்லே!"

பையன்கள் ஓடிவந்து அவனைத் தூக்கினார்கள். கோல் இல்லையென்று ஊதிய கோலுக்கு, தோற்றுப்போன ஆட்டத்துக்குப் பிறகு, அப்படி ஒரு கூத்து. ஜெயித்த அணிக்காரர்கள் கொஞ்ச நேரம் விழித்துவிட்டுப் போனார்கள். ஜெரினாவது திட்டியிருக்கலாம் என்று பெர்க்மான்ஸுக்குத் தோன்றியது.

டீச்சர் கேலரியிலிருந்து இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

பிரின்சிபால் ஃபாதர் வந்தார். ஆட்டத்தின் கடைசிப் பகுதியை அவர் பார்த்திருக்கவில்லை, யாரோ கூப்பிட்டுப் போயிருந்தார்கள்.

"என்ன பெர்க்மான்ஸ், மூணு ஆட்டமும் ஆச்சு. மன்றம் என்ன சொல்லுது? தேறுமா, தேறாதா?"

பெர்க்மான்ஸிடம் எல்லாம் தயாராக இருந்தது. கீப்பரின் கண், தடுப்பாட்டக்காரனின் கால், நடுவில் ஆடுகிறவர்களின் சண்டை. காலையிலிருந்து மனப்பாடம் செய்தது. அதில் ஒரு வார்த்தையும் இன்னும் பொய்யாகிவிடவில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல், குனிந்து வலையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

ஃபாதர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீங்களாவது சொல்லுங்க டீச்சர். மூணு ஆட்டத்துல ஒரு கோலுகூட இல்லாத டீம வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"ஒண்ணு உண்டு ஃபாதர்."

"எங்க? ஸ்கோர் போர்டுல இல்லையே?"

"போர்டுல இருக்காது," என்றார் டீச்சர். "இந்த அண்ணன்ட்ட இருக்கு. பயலுவளுக்கு அத இவரு திருப்பிக் குடுக்கணும். குடுத்து முடிக்கது வரைக்கும் லீக்குலேருந்து பேர எடுக்க நாங்க விடமாட்டோம்."