அமைச்சர் வீட்டுக்குள் மன்னரின் கால் விரல்

முன்னொரு காலத்தில், எந்த ஓலையிலும் பெயர் எழுதிவைக்காத ஒரு தேசத்தில், காளத்தி என்ற விகடகவிக்குக் காலையிலிருந்தே பசி வயிற்றைக் கிள்ளிக்கொண்டிருந்தது. உச்சிவெயில் ஏறியும் சபை கலையவில்லை. மன்னர் எழுந்தால்தான் மற்றவர்களுக்குச் சோறு. மன்னரோ எதிரே நிறுத்திய ஒரு பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பலகையில் இருந்தது அவருடைய உருவம்தான். கோட்டை வாசலில் தமக்கொரு கற்சிலை வேண்டும் என்று நாகலிங்க ஆசாரி என்ற சிற்பியிடம் சொல்லியிருந்தார். கல்லில் உளி வைக்கும் முன்பு படம் போட்டுக் காட்டுவது வழக்கம். ஆசாரி சுண்ணாம்பு பூசிய பலகையில் காவியால் வரைந்து கொண்டுவந்திருந்தார். மீசை, வாள், தொந்தி எல்லாம் உள்ளது உள்ளபடி.

"தொந்தி சற்று அதிகமோ?" என்றார் மன்னர்.

"குறைத்துத்தான் போட்டிருக்கிறேன், பிரபு."

சபையில் யாரோ இருமினார்கள். காளத்தி சிரிப்பை விழுங்கினான். வெறும் வயிற்றுக்கு அதாவது போகட்டும்.

அப்போது அமைச்சர் சோலைநாதர் எழுந்தார். காளத்தி சபைக்கு வருவதற்கு முன்பு ஆசாரிக்குக் கல் இழுத்துப் போட்ட கூலிக்காரன். அப்படிப்பட்டவன் தமக்குச் சமமாக உட்காருவது அமைச்சருக்கு முள். அவனுடைய சிநேகிதர் என்பதால் ஆசாரியும் முள்.

"பிரபு, சிலை எவ்வளவு உயரம் என்று கேளுங்கள்."

"மன்னர் உயரமே" என்றார் ஆசாரி. "அதற்கு மேல் கல் எடுத்தால், மலையிலிருந்து வடம் பிடித்து இழுக்கிற ஆட்கள் செத்துப்போவார்கள்."

"கேட்டீர்களா! மன்னர் புகழுக்கு ஏற்ற சிலை கேட்டால், கூலிக்காரன் முதுகுக்கு ஏற்ற சிலை தருகிறான்!"

மன்னர் முகம் சிவந்தது. "என் புகழ் எவ்வளவோ அவ்வளவு பெரிய சிலை வேண்டும். மூன்று நாளில் அதன் முழு அளவுப் படம் வராவிட்டால், ஆசாரியின் வலக்கைக் கட்டைவிரலை வெட்டுங்கள்!"

கட்டைவிரல் போன சிற்பி உளியும் பிடிக்க முடியாது, சோறும் பிசைய முடியாது. காளத்தி எழுந்தான்.

"பிரபு, கூட இருந்து நானும் போட்டுத் தருகிறேன். அளவு மட்டும் தெரிந்தால் போதும். தங்கள் புகழ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?"

மன்னர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் உருகினார். "அரண்மனை வாசலில் தொடங்குகிறது. எல்லையையும் தாண்டி, பகைவன் நாட்டுக்குள் ஒரு காதம் போகிறது!"

"அதுவே அளவு" என்றார் மன்னர், மீசையைத் தடவிக்கொண்டு. "நீ கோடு போடுவதை யாரும் தடுக்கக் கூடாது." முத்திரை மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார்.

மறுநாள் விடிந்ததும், வடம் இழுப்பவர்களின் தலைவன் மொக்கையனையும் அவன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு காளத்தி வந்தான். அவ்வளவு பெரிய படத்துக்குப் பலகை ஏது? தரையில்தான் போட வேண்டும். அரண்மனை வாசலில் முளை அடித்து, காவித் தண்ணீரில் நனைத்த நூலை இழுத்துத் தெறித்தார்கள். சிவப்புக் கோடு நேராகப் போய் அமைச்சர் வீட்டு மதிலில் நின்றது.

"அண்ணே, கோடு செவுத்துல முட்டுதே?" என்றான் மொக்கையன்.

"கோடு முட்டலடா. செவுருதான் முட்டுது. எடு கடப்பாரையை."

மதில் பாதி சரிந்தபோது அமைச்சர் எண்ணெய் வழியும் தலையோடு ஓடிவந்தார். "அடேய்! என் வீட்டில் என்னடா வேலை?"

"மன்னரோட கால் விரல், ஐயா. உங்க கூடத்துலேருந்து அடுப்படி வரைக்கும் வருது. நகம் நெல்லுக் குதிர் மேல."

"கோட்டைக் கொஞ்சம் வளைத்துப் போடேன்!"

"வளைச்சா மன்னருக்கு விரல் கோணிப்போகும்."

"அப்படியானால் சின்னதாகப் போட்டுத் தொலை!"

காளத்தி காதில் கையை வைத்தான். "மன்னர் புகழைச் சின்னதாக்கணுமா? மொக்கையா, ஐயா சொன்னது கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு அண்ணே" என்று சொல்லி மொக்கையன் இன்னொரு போடு போட்டான்.

உள்ளேயிருந்து அமைச்சர் மனைவியின் குரல் வந்தது: "எல்லையைத் தாண்டுது, காதம் போகுதுன்னு அளந்தீங்களே! இப்ப எங்க உக்காந்து உலை வைக்கிறது?"

அமைச்சர் அப்படியே ஓடி மன்னர் காலில் விழுந்தார். மன்னர் பல்லக்கில் வந்து இறங்கி, இடிந்த மதிலைப் பார்த்தார்.

"காளத்தி, என்ன இது?"

"தங்கள் படம், பிரபு. இன்னும் ஒரு விரல்கூட முடியவில்லை. முழங்கால் பெரிய ஏரிக்குள் வருகிறது, கரையை உடைக்க வேண்டும். தொந்தி மட்டும் ஏழு ஊர். தலை, அமைச்சர் அளந்தபடி, பகைவன் நாட்டில். அங்கேதான் ஒரு சங்கடம்."

"தலைக்கு என்ன சங்கடம்?"

"மொக்கையன் பெண் எடுத்த ஊர் அது, அவனுக்கு இடம் தெரியும். திருவாய் வருகிற இடத்தில் ஊரார் எருக்குழி வெட்டியிருக்கிறார்கள். தினமும் காலையில் கூடை கூடையாகச் சாணி கொட்டுகிறார்களாம்."

மன்னர் தம் வாயை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு தொந்தி முதலில் குலுங்கியது, சிரிப்பு அதன் பின்னால் வந்தது.

"போதுமடா! பலகையில் ஆசாரி போட்ட அளவே போதும். அவர் விரல் அவரிடமே இருக்கட்டும். மதிலை அமைச்சரே கட்டிக்கொள்ளட்டும், அளந்தவர் அவர்தானே!"

கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் காளத்திக்குப் போட்டார். காளத்தி வேண்டாம் என்றெல்லாம் சொல்லவில்லை. மாலையைச் சரிசெய்துகொண்டு, "இன்னொன்றும் வேண்டும், பிரபு. மலையிலிருந்து கல் வரும்போது தாங்களும் ஒரு நாள் வடம் பிடிக்க வேண்டும்" என்றான்.

சிரித்த வாய் மூடாமலே மன்னர் சொன்னார்: "ஒரு நாள்தானே! பிடிக்கிறேன். இது என் வாக்கு!"

கல் வந்துசேர ஒன்பது நாள் ஆயிற்று. முதல் நாள் மன்னருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் அஷ்டமி. ஒன்பதாம் நாள் குடைநிழலில் வந்து, "நன்றாக இழுங்கள்!" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆசாரி சிலையை முடித்தார், தொந்தியோடு. காளத்தி அதன்பின் பலமுறை நினைவூட்டினான். ஒவ்வொரு முறையும் மன்னர் வயிறு குலுங்கச் சிரித்து, ஏதாவது பரிசு கொடுத்து அனுப்பினார்.

மொக்கையனின் ஆட்களோடு சேர்ந்து மன்னர் இழுக்க வேண்டிய ஒரு நாள் வடம் இன்னும் பாக்கி.