பெல்ட்டைக் கழற்றிய பிறகு

"பாதி வழியில செத்துப்போகாத ஸ்டியரிங் ஒண்ணு வேணும் அம்மணி. செஞ்சு குடுப்பியா?"

நாச்சிமுத்து வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும் கேட்டது இதுதான். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

துளசிமணி பட்டறையில் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தாள். ஸ்பேனர் சத்தம் மட்டும் வந்தது.

அவள் அப்படித்தான். பர்கூர் மலையடிவாரத்தில் ஸ்டியரிங் வேலை என்றால் எல்லாரும் அவளிடம்தான் போவார்கள். போனவர்களில் பாதிப் பேர் வண்டியோடு மனசையும் சரிபண்ணிக்கொண்டுதான் திரும்புவார்கள். குரு என்றால் காவி கட்டியிருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இவள் சுடிதாருக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை போட்டிருப்பாள், அதில் நிறம் தெரியாத அளவுக்குக் கிரீஸ் இருக்கும். நாச்சிமுத்துவைவிட வயதில் நன்றாகவே சின்னவள்.

ஒருவழியாக வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப். பெரிய பெரிய டயர். இடது பக்கக் கதவு மட்டும் உள்ளே நசுங்கியிருந்தது. அதை அவன் தட்டி எடுக்காமலே வைத்திருந்தான்.

"என்னாச்சுங்ணா?"

சொன்னான். சொல்லாமல் என்ன செய்வது? போன வருச மழையில் நடந்தது அது. அவன் மகள் தாரணி கீழே ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். லீவுக்கு இந்த வண்டியில் அவளைக் கூட்டிவரப் போனவன் சென்னியப்பன், நாச்சிமுத்துவின் மச்சினன், பிள்ளைக்குத் தாய்மாமன். மேலே ஏறும்போது, தார் முடிந்து வெறும் பாறையாகக் கிடக்கிற இடத்தில், ஸ்டியரிங்கைத் திருப்ப உதவுகிற மோட்டார் நின்றுபோனது. வண்டி பள்ளத்தில் இறங்கியது. சென்னியப்பன் கை ஒடிந்து பிழைத்துக்கொண்டான். பிள்ளை பிழைக்கவில்லை.

"ஸ்டியரிங்குல இருந்து கையை எடுத்துப்போட்டான் அம்மணி. அவன் வாயாலேயே சொன்னான், மாமா கையை எடுத்துப்போட்டேன்னு. மோட்டார் நின்னா என்ன, ஆம்பள கையில பலமில்லையா? பெத்தவனா இருந்தா எடுப்பானா?"

துளசிமணி டயருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். அதை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இந்த டயரு ஆருங்ணா போட்டது?"

"நான்தான். கம்பெனி டயருன்னா வண்டி வயிறு பாறையில தட்டும். இதைப் போட்டப்புறம் நம்ம வண்டி ஏறாத இடமே மலையில கிடையாது."

சொல்லும்போது அவன் குரலில் பழைய பெருமை கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"ம்" என்றாள் அவள். வேலையை ஏற்றுக்கொண்டாள்.

வேலை முடிகிற வரைக்கும் அவன் வீட்டுக்குப் போகவில்லை, அங்கேயே கிடந்தான். வீட்டில்தான் என்ன இருக்கிறது? மனைவி பூங்கொடி சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். பிள்ளைக்கு முதல் வருசத் திதி வருகிற வெள்ளிக்கிழமை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்தினோம், அவன் கையால் ஒரு மாலை விழாமல் என் பிள்ளைக்கு என்ன திதி என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். அவன் வாசலில் கால் வைத்தால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று இவன் சொன்னான். அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை.

இதையெல்லாம் நாச்சிமுத்து துளசிமணியிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். சென்னியப்பன் இப்போது செங்கல் சூளையில் மண் மிதிக்கிறான், எந்த வண்டியையும் தொடுவதில்லை, தொடாமலே இருக்கட்டும் என்றும் சொன்னான். நீங்க சொல்றது நியாயந்தானுங்ணா என்று ஒரு வார்த்தை வராதா என்று அவள் முகத்தையே பார்த்தான்.

"அந்தப் பெரிய ஸ்பேனரை எடுங்க" என்றாள்.

எடுத்துக் கொடுத்தான். பாவம், வேறென்ன செய்வான்.

ஸ்டியரிங் தண்டில் இருந்த மோட்டாரைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். ஒரு தேங்காய் அளவுதான் இருந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல என்ன கோளாறு?"

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் எதுக்கு நின்னுச்சு?"

"தாங்காத பாரம் வந்தா சூடாகும். சூடானா தானா நின்னுக்கும். இது சின்ன டயருக்குச் செஞ்சது."

அவன் மோட்டாரைக் கீழே வைத்தான். அப்புறம் தரையைப் பார்த்தபடி, "எப்படியிருந்தாலும் கையை எடுத்திருக்கக் கூடாது" என்றான்.

துளசிமணி வேலைக்குத் திரும்பினாள். மோட்டாருக்குப் பதிலாக, எண்ணெய் அழுத்தத்தில் திரும்புகிற புது ஸ்டியரிங் பாக்ஸை ஏற்றினாள். இன்ஜினுக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பம்பு ஒன்றை வைத்து, அதற்கென்று தனியாக ஒரு பெல்ட் மாட்டினாள். குழாய்களை முறுக்கினாள், எண்ணெய் ஊற்றினாள், காற்றுக் குமிழி போகிற வரைக்கும் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பச் சொன்னாள்.

"இது சாகாதில்ல அம்மணி?"

"பம்பு சுத்துற வரைக்கும் சாகாது."

"பம்பு நின்னுபோனா?"

"ஓட்டிப் பாக்கலாம் வாங்க."

பட்டறைக்குப் பின்னால் வறண்ட ஓடைப் பள்ளம். அதில் மலைப்பாதை மாதிரியே உருண்டைக் கல்லும் பாறையும். துளசிமணி பின்னால் ஏறி நின்றுகொள்ள, நாச்சிமுத்து வண்டியை அதில் இறக்கினான். ஸ்டியரிங் ஒரு விரலுக்கு வளைந்து கொடுத்தது. பாறைமேல் ஏறினாலும் கையில் உதறல் இல்லை. சின்னப் பிள்ளைகூடத் திருப்பிவிடும் என்று நினைத்தான். நினைத்த கணமே கண் பக்கத்துக் காலிச் சீட்டுக்குப் போனது.

"இங்க நிறுத்துங்க."

துளசிமணி இறங்கி பானெட்டைத் திறந்தாள். பம்பின் பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். இடது பக்கக் கதவைத் திறந்து, நசுங்கின அந்தக் கதவை ஒட்டி, பிள்ளை உட்கார்ந்திருந்த அதே சீட்டில் உட்கார்ந்தாள்.

"இப்ப ஓட்டுங்க."

அவன் சாவியைத் தொடவில்லை. "நீ எறங்கிக்க அம்மணி."

"எறங்க மாட்டேனுங்ணா. ஓட்டுங்க. நீங்கதான் கையை எடுக்க மாட்டீங்களே."

வீம்பு வந்தது. ஓட்டினான்.

ஸ்டியரிங் ஆட்டுக்கல்லாகிவிட்டது. சீட்டிலிருந்து பாதி எழுந்து உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் போட்டான். கொஞ்சம் திரும்பியது. தோள்பட்டை நடுங்கியது, கண்ணில் வியர்வை இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான். இந்த உலகத்தில் எது போனாலும் இதை விடமாட்டேன் என்றுதான் பிடித்தான். அதில் பொய்யில்லை.

முன்சக்கரம் ஒரு பாறையின் விளிம்பில் ஏறி வழுக்கியது.

ஸ்டியரிங் தானாக ஒரு சுழற்றுச் சுழன்றது. அதன் கம்பி அவன் கட்டைவிரலில் அடித்தது. வண்டி இடது பக்கம் பாய்ந்து, கரை மண்ணில் மோதி, இன்ஜின் அடங்கியது.

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அம்மணி, ஒனக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவள் நெற்றியில் லேசாக ரத்தம் கசிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனும் பார்த்தான்.

அதில் கையில்லை. அவனுடைய இரண்டு கையும் அவன் நெஞ்சோடு ஒட்டியிருந்தன. எப்போது அங்கே வந்தன என்று அவனுக்குத் தெரியவில்லை.

துளசிமணி இறங்கிப் போய் பெல்ட்டை மறுபடி மாட்ட ஆரம்பித்தாள்.

நாச்சிமுத்துவும் இறங்கினான். கரையில் மோதி நின்ற முன்சக்கரத்தைப் பார்த்தான். அவன் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் இருந்தது அந்த டயர். வாங்கி வந்த அன்றைக்கு அதற்குச் சந்தனம் வைத்துத் தாரணியை அதன்மேல் ஏற்றி நிறுத்திப் போட்டோ எடுத்தது ஞாபகம் வந்தது. அப்போதுதான் அவன் அழுதான். ஒரு வருசமாக அழாதவன்.

செல்போனை எடுத்தான். கட்டைவிரல் வீங்கிவிட்டதால் இடது கையால்தான் அழுத்த முடிந்தது. அழிக்காமல் வைத்திருந்த நம்பர் ஒன்று அதில் இருந்தது.

ரொம்ப நேரம் மணி அடித்தது. அப்புறம் பயந்த குரல் ஒன்று, "மாமா?" என்றது.

"சென்னீ," என்றான். "அந்த டயரைப் போட்டது நான்டா."