எல்லோரும் கை தூக்கிய வகுப்பு

பூரணி டீச்சரைவிட இருதயசாமி சாருக்கு ஒன்பது வயது அதிகம். ஆனாலும் அவர்தான் சீடர். பிள்ளைகள் வகுப்பில் தூங்கி வழிகிறார்கள் என்று ஒருமுறை டீச்சரிடம் யோசனை கேட்கப் போனவர், அதன்பிறகு அந்தப் பழக்கத்தை விடவே இல்லை. இருவருக்கும் பாடம் சமூக அறிவியல். பள்ளிகள்தான் வேறு வேறு ஊரில். சக ஆசிரியர்கள் கேலி செய்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று சனிக்கிழமை. காலையிலிருந்து தூறல் விடவில்லை. டீச்சர் பள்ளியில் சிறப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சார் வராந்தாவுக்கு வந்த பிறகும் குடையை மடக்காமல் நின்றார். டீச்சர் வெளியே வந்தார்.

"பாடம் நல்லாத்தான் டீச்சர் நடந்துச்சு" என்றார் சார். வேறு யாரோ நல்லா இல்லை என்று சொன்னதுபோல.

"என்ன பாடம்?"

"நீதிமன்றம்."

வகுப்பையே கோர்ட்டாக மாற்றிவிட்டாராம். நீதிபதி, வக்கீல்கள், சாட்சிகள் என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கொரு வேடம். வழக்கைச் சொந்த ஊரிலிருந்தே எடுத்தார். போன மழையில் ஊர்க் கண்மாய் உடைந்தது. பயிரெல்லாம் மூழ்கி, ஒரு பெரியவரையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மடையைச் சரியான நேரத்தில் திறக்காத மடைக்காரர்தான் குற்றவாளியா? இதுதான் வழக்கு.

"பேரைச் சொன்னீங்களா?"

"சேச்சே. 'ஒரு ஊர்ல ஒரு மடைக்காரர்'னுதான் ஆரம்பிச்சேன்."

"உங்க ஊர்ல எத்தனை மடைக்காரங்க சார்?"

"ஒருத்தர்தான்."

"அவருக்குப் பிள்ளைங்க?"

சார் குடையை மடக்கினார். "காளீஸ்வரி. என் ஏழாம் வகுப்புலதான் இருக்கு."

குடையை மூலையில் சாய்த்துவைத்தார்.

"வாயே திறக்காத பிள்ளைங்கல்லாம் அன்னைக்குப் பேசுச்சு டீச்சர். என் சர்வீஸ்ல அப்படி ஒரு வகுப்பு அமைஞ்சதில்ல. கடைசியில, மடைக்காரர் குற்றவாளிதான்னு நினைக்கிறவங்களக் கை தூக்கச் சொன்னேன். ஒரு கைகூட கீழ இல்ல."

"காளீஸ்வரி?"

"அதுவும் தூக்குச்சு."

வகுப்புக்குள்ளிருந்து பிள்ளைகளின் சத்தம் வந்தது. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அன்னைக்குச் சாயங்காலமே ஊருக்குள்ள பரவிருச்சு. 'பெத்த பிள்ளையே கை தூக்கிருச்சு, இனி என்ன சாட்சி வேணும்'ங்கிறாங்க. இழுத்துக்கிட்டே கிடந்த பஞ்சாயத்து நாளைக்குக் கூடுது. அந்தக் குடும்பத்த ஊரவிட்டு அனுப்பப்போறாங்க. பிள்ளை பள்ளிக்கூடம் வர்றதில்ல. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அப்பன் ஒரு மூலையில, மக ஒரு மூலையில. ரெண்டு பேருக்கும் பேச்சில்ல." சார் தோள்பையை இழுத்து மாட்டிக்கொண்டார். "பாடம் நடத்துன முறையில எங்க டீச்சர் தப்பு பண்ணேன்? சீட்டுக் குலுக்காம நானே வேடத்தக் குடுத்திருக்கணுமா? குழுவாப் பிரிச்சிருக்கணுமா?"

"உள்ள வாங்க" என்றார் டீச்சர்.

பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். சார் தோள்பையோடு ஒரு பெஞ்சில் ஒண்டிக்கொண்டார்.

"சாக்பீஸ் டப்பா மேசையில இருந்துச்சு. இப்பக் காணோம்" என்றார் டீச்சர். "புதுசா வந்தவர் இந்த சார் மட்டும்தான். பை வேற பெருசா வச்சிருக்கார். இவர்தான் எடுத்திருப்பார்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் சிரிப்பும் கும்மாளமுமாக வகுப்பு முழுக்கக் கைகள். சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாள் கணக்கில் சிரிக்காத மனுஷன். அவரும் கையைத் தூக்கினார். சிரிப்பு இன்னும் பெரிதானது.

டீச்சர் சிரிக்கவில்லை. தன் கைப்பையிலிருந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

கைகள் இறங்கின.

"நீ ஏம்மா தூக்குன?" என்று முன்வரிசைப் பெண்ணைக் கேட்டார்.

"எல்லாரும் தூக்குனாங்க டீச்சர்."

"நீங்க ஏன் சார் தூக்குனீங்க?"

சார் தன் கையைப் பார்த்தார். "பிள்ளைங்க சந்தோஷமா இருந்தாங்க. நான் கெடுக்க வேணாமேன்னு..."

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சர் அவர்களைப் படிக்கச் சொல்லிவிட்டு அவரை வெளியே அழைத்துவந்தார்.

"சாட்சிச் சீட்டுல யார் யாரை எழுதுனீங்க?"

"பக்கத்து வயல்காரர், டீக்கடைக்காரர், காவக்காரர்."

"கண்மாய்க் கரையில லாரி லாரியா மண் அள்ளுறாங்கன்னு போன வருஷம் என்கிட்ட வயிறெரிஞ்சு சொன்னீங்களே சார். அந்த லாரிக்காரங்க?"

சார் மழைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எழுதல டீச்சர். அள்ளுனது பஞ்சாயத்துத் தலைவரோட மச்சான். எங்க பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கிக் குடுத்தது தலைவர். சின்னப் பிள்ளைங்க வகுப்புல அது எதுக்குன்னு விட்டுட்டேன்."

"பிள்ளைங்க யாராவது கேட்டாங்களா?"

"'மண் அள்ளுனதாலதான கரை உடைஞ்சுச்சு'ன்னு ஒரு பையன் எந்திரிச்சான். பாடத்துக்கு வாடான்னு உட்கார வச்சேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. கேட்பவர்களுக்கு அவர்மேல் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த நேரத்தில் அவரைப் பார்க்கிற யாருக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும்.

"நாளைக்குக் கூட்டத்துல அந்தப் பையன் கேட்டதக் கேளுங்க" என்றார் டீச்சர்.

"நானா?"

"நீங்கதான்."

"தலைவர் உட்கார்ந்திருப்பார். மச்சான் உட்கார்ந்திருப்பார். ஊரே கையத் தூக்கிக்கிட்டு நிக்கும். நான் ஒருத்தன் மட்டும் எப்படி டீச்சர்?"

தூறல் வலுத்துவிட்டது. டீச்சர் மூலையில் சாய்ந்திருந்த குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"காளீஸ்வரியும் அன்னைக்கு இதையேதான் சார் நினைச்சிருக்கும்."